ஊர்ப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள ஊரைப் பழக்குவது எப்படி?

வயதானவர்களைக் கவனிப்பது பற்றி செவிலியர்களுக்கும் மகளிர் குழுக்காரர்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி நடத்தும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது என்றால், முதல் வேலையாக பிராஜெக்டரை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். திண்டுக்கல் பக்கம் நான் நடத்திய முதல் பயிற்சியில் எழுபது ஸ்லைடு காட்டினேன். ஏசி அறை, மதியம் நல்ல சாப்பாடு, கடைசியில் ஆளுக்கொரு சான்றிதழ், எல்லாம் இருந்தது. மூன்று மாதம் கழித்து அந்த ஊர்களில் ஒன்றுக்குப் போனேன். அங்கே ஒரு அப்பத்தா இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த பி.பி. மாத்திரையும், டவுனில் தனியார் டாக்டர் எழுதிக் கொடுத்த பி.பி. மாத்திரையும் ஒரே மருந்துதான், பெயர் மட்டும் வேறு. இரண்டையும் தினமும் விழுங்கிவிட்டு, விடியற்காலை எழுந்து கொல்லைப்பக்கம் போகும்போது தலைசுற்றி விழுந்திருக்கிறார். அதே தெருவில் என் பயிற்சிக்கு வந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அதிக மருந்தால் வரும் ஆபத்து பற்றிய ஸ்லைடு இரண்டு பேருக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த வீட்டு மாத்திரைப் பையை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

அதற்கப்புறம் நான் பயிற்சி நடத்தும் விதத்தையே மாற்றிக்கொண்டேன். பையைத் திறக்க வைப்பது, திண்ணையில் உட்கார வைப்பது, பெரியவரிடமே நேராகக் கேட்க வைப்பது, இந்த மூன்றும்தான் இப்போது என் பயிற்சி. எப்படிச் செய்கிறேன் என்று எழுதுகிறேன், உங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

யாரைக் கூப்பிடுவது

செவிலியர்களுக்குத் தனி, ஊர்க்காரர்களுக்குத் தனி என்று பயிற்சியைப் பிரிக்காதீர்கள். மருந்து தெரிந்தவர் ஒரு பக்கமும், ஆளைத் தெரிந்தவர் ஒரு பக்கமும் இருப்பதுதான் இன்றைக்குப் பிரச்சினையே. கிராம சுகாதார செவிலியருக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் மேலத்தெரு ஐயா மூன்று நாளாக டீக்கடைக்கு வரவில்லை என்பது டீக்கடைக்காரருக்குத்தான் தெரியும். இந்த மாதம் ஓய்வூதியப் பணம் பாட்டி கையில் நிற்கிறதா, பேரன் கைக்குப் போகிறதா என்பது போஸ்ட்மேனுக்கோ, பணம் பட்டுவாடா செய்பவருக்கோ தெரியும். இவர்களெல்லாம் ஒரே அறையில், ஒரே பாயில் உட்கார வேண்டும்.

நான் கூப்பிடுவது இவர்களை: கிராம சுகாதார செவிலியர், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள், சுகாதார நிலையத்து மருந்தாளுநர், முடிந்தால் இயன்முறை சிகிச்சையாளர். ஊர்ப் பக்கத்திலிருந்து ஊராட்சிச் செயலர், மகளிர் குழு ஊக்குநர், ரேஷன் கடை விற்பனையாளர், போஸ்ட்மேன், டீக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுபவர், கோயில் பூசாரி, பங்குப் பேரவையிலோ ஜமாத்திலோ ஒருவர். மொத்தம் 25 பேருக்கு மேல் வேண்டாம். கூடவே 70 வயதைத் தாண்டிய ஐந்து பேர் இருக்க வேண்டும். அவர்களை மூலையில் உட்கார வைத்து 'இதோ பாருங்கள்' என்று காட்டுவதற்காகச் சொல்லவில்லை, அவர்கள்தான் பாதி வகுப்பை எடுக்கப் போகிறார்கள். அவர்களுக்கு இரண்டு நாள் கூலியைக் கணக்குப் போட்டு கையில் கொடுத்துவிடுங்கள். வண்டி வைத்துக் கூட்டி வந்து, வண்டி வைத்தே கொண்டுபோய் விடுங்கள்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. கோயில் மண்டபத்திலோ ஒரு சமுதாயத்துக்குச் சொந்தமான மண்டபத்திலோ வைத்தால் யார் வருவார்கள், யார் வாசலோடு நின்றுவிடுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், அங்கன்வாடி என்று எல்லாரும் தயங்காமல் கால் வைக்கிற இடமாகப் பாருங்கள். வருகிற ஐந்து பெரியவர்களில் காலனியிலிருந்து குறைந்தது இரண்டு பேராவது இருக்கட்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை, ஏனென்றால் கவனிப்பாரில்லாமல் கிடக்கும் பெரியவர்கள் எந்தத் தெருவில் அதிகம் என்று போய்ப் பார்த்திருக்கிறேன்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று யாராவது கேட்டால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைச் சொல்லுங்கள். அப்போதே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். இளவட்டமெல்லாம் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்ட ஊர்களில் அந்தக் கணக்கு எவ்வளவு இருக்கும் என்று தெருவில் நடந்து பார்த்தாலே புரிந்துவிடும்.

முதல் நாள் காலை: வயதான உடம்பைப் போட்டுப் பார்ப்பது

வந்தவர்கள் டீ குடித்ததும் நேராக இதை ஆரம்பித்துவிடுவேன். வரவேற்புரை, குத்துவிளக்கு, பொன்னாடை எதுவும் கிடையாது. பாதிப் பேருக்குக் காதில் பஞ்சு வைக்கிறோம். பழைய கண்ணாடியில் தேங்காய் எண்ணெயைத் தடவி மாட்டி விடுகிறோம். செருப்புக்குள் பத்துப் பன்னிரண்டு கொண்டைக்கடலை. மூட்டு மடங்காதபடி முழங்காலில் ஒரு துண்டு. சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்துப் பிளாஸ்திரி. அவ்வளவுதான் வேஷம், மொத்தச் செலவு நூறு ரூபாய் கூட ஆகாது. விழுந்துவிடாமல் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு துணை ஆள் கட்டாயம் நிற்க வேண்டும்.

இப்போது வேலை கொடுங்கள். வங்கியில் பணம் எடுக்கும் படிவத்தை நிரப்புங்கள், மாத்திரை அட்டையிலிருந்து ஒரே ஒரு மாத்திரையைக் கீழே விழாமல் எடுங்கள், பள்ளிக்கூடத்துக் கழிப்பறை வரை போய்விட்டு வாருங்கள். மீதிப் பாதிப் பேர் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி, வரிசையில் பின்னால் நிற்பவர் மாதிரி நடிப்பார்கள். 'சீக்கிரம் பாட்டி, இன்னும் எத்தனை பேர் நிற்கிறாங்க' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பதினைந்து நிமிடம் போதும். முதலில் சிரிப்பாக ஆரம்பிக்கும், போகப் போக சத்தம் அடங்கிவிடும். வேஷத்தைக் கழற்றியதும் எது கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். ஒருமுறை ஒரு ரேஷன் கடை விற்பனையாளர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "கடலை குத்தினது கூடத் தெரியலைங்க, எல்லாரும் என் பின்னாடி உச்சுக் கொட்டினதுதான் தாங்க முடியலை" என்றார். அவர் கடையில் இப்போது பெரியவர்கள் உட்கார ஒரு பெஞ்சு கிடக்கிறது, நான் சொல்லிப் போட்டது கிடையாது.

இது முடிந்த கையோடு வந்திருக்கும் ஐந்து பெரியவர்களையும் பேச விடுங்கள். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: 'ஆஸ்பத்திரியிலோ ஆபீசிலோ உங்களிடம் யாராவது நடந்துகொண்டதில் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது எது?' அனேகமாக எல்லா ஊரிலும் ஒரே பதில்தான் வரும். 'என்னைக் கூட்டிப் போய் என் முன்னாலேயே என் மருமகள்கிட்ட என்னைப் பத்திக் கேட்கிறாங்க.'

பேசுவது எப்படி

இதற்கு நான் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்வேன், பயிற்சியில் முக்கியமானது இதுதான். நின்றுகொண்டு பேசக் கூடாது, அவர் கட்டிலில் இருந்தால் நீங்கள் முக்காலியில், அவர் திண்ணையில் என்றால் நீங்களும் திண்ணையில். உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காருங்கள், காது மந்தமானவர்கள் உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்கிறார்கள். கத்தினால் கேட்காது, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி நிறுத்தி நிதானமாகச் சொன்னால் கேட்கும். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அதற்குள் பக்கத்தில் இருக்கும் மகனோ மருமகளோ பதில் சொல்ல வருவார்கள், 'கொஞ்சம் இருங்க, அப்பத்தாவே சொல்லட்டும்' என்று தன்மையாகச் சொல்லிப் பழக வேண்டும். இந்த ஒரு வரியை வந்தவர்கள் எல்லாரையும் வாய்விட்டுச் சொல்ல வைக்கிறேன்.

எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதையும் அவரிடமே கேளுங்கள். அப்பத்தா, அம்மாச்சி, ஐயா, தாத்தா, வாத்தியார், எது பிடிக்குமோ அது. 'பெருசு', 'கிழவி' இரண்டும் வாயில் வரவே கூடாது, அன்பாகச் சொன்னாலும் சரி.

அப்புறம் கேள்விகள். 'சாப்பிட்டீங்களா?' என்று கேட்டால் 'ஆச்சு' என்றுதான் எந்தப் பெரியவரும் சொல்வார், நாலு நாள் பட்டினி என்றாலும் வீட்டு மானத்தை வாசலில் வைத்துச் சொல்ல மாட்டார். 'நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க? யார் போட்டுக் கொடுத்தாங்க?' என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் குடும்பத்து நிலவரம் முழுக்க வந்துவிடும். 'நல்லா இருக்கீங்களா?' என்பதற்கு 'எனக்கென்ன, போற காலந்தானே' என்று சொன்னால் அதைச் சிரித்துக்கொண்டே கடந்துபோகாதீர்கள். 'ஏன் அப்படிச் சொல்றீங்க?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். கடந்த இரண்டு வாரமாக மனசு சோர்ந்து, நம்பிக்கையில்லாமல் இருக்கிறதா, முன்பு ஆசையாகச் செய்த எதிலும் இப்போது ஆர்வம் போய்விட்டதா என்ற இரண்டையும் கேட்கப் பழக்குங்கள். இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்பதையும் நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்று சொன்னால் அவரைத் தனியாக விடக் கூடாது, வீட்டில் பூச்சிமருந்து டப்பா எங்கே இருக்கிறது என்று பார்த்து அப்புறப்படுத்த வேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண் இலவசம், இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

மத்தியானம்: மஞ்சப்பையைக் கொட்டுவது

வரும்போதே பெரியவர்களிடம் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், தைலம், லேகியம், கடையில் வாங்கிய வலி மாத்திரை உட்பட ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள். சாப்பாடு முடிந்ததும் தரையில் பழைய நாளிதழை விரித்து, ஒவ்வொரு பையாகக் கொட்டி, மருந்தாளுநரை நடுவில் உட்கார வைத்து, எல்லாரும் சுற்றி உட்காருகிறோம்.

ஒரு பையில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். பெயரும் தேதியும் இருக்கும் ஓரத்தைக் கத்தரித்துவிட்டு நாலு நாலாக வெட்டிக் கொடுத்த அட்டைத் துண்டுகள், எது என்னவென்று மருந்தாளுநராலேயே சொல்ல முடியவில்லை. சுகர் மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில், உள்ளே ஒரே மருந்து. மூன்று வருடத்துக்கு முன் கண் அறுவைச் சிகிச்சைக்குக் கொடுத்த சொட்டு மருந்து, பாட்டில் அடியில் பழுப்பாக உறைந்துபோய். செய்தித்தாள் துண்டில் மடித்த ஆறு வெள்ளை மாத்திரை, 'உடம்பு வலிக்கு' என்று பெட்டிக்கடையில் கொடுத்ததாம், அந்தப் பாட்டி தினமும் ஒன்று போட்டுக்கொண்டிருந்தார். பி.பி. மாத்திரை மட்டும் முழு அட்டையாக அப்படியே இருந்தது. கேட்டால், "தலை சுத்துற அன்னிக்கு மட்டும் போட்டுக்குவேன், தினமும் போட்டா தீர்ந்துடுமே" என்றார். வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும், பி.பி.யையும் ஏற்றிவிடும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அந்தப் பாட்டி வீட்டுக்கு மாதாமாதம் ஒருவர் போய்க்கொண்டுதான் இருந்தார். மாத்திரையைக் கொடுப்பார், நோட்டில் கையெழுத்து வாங்குவார், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, பையைத் திறந்து பாருங்கள் என்று அவரிடமும் யாரும் சொன்னதில்லையே.

இதில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது: பயிற்சிக்கு வந்தவர் எந்த மாத்திரையையும் தானாக நிறுத்தச் சொல்லக் கூடாது. ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, பையோடு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுவதுதான் அவர் வேலை. காலை மாத்திரைக் கவரில் சூரியனும் ராத்திரிக் கவரில் நிலாவும் மார்க்கரில் பெரிதாக வரைந்து கொடுக்கலாம், படிக்கத் தெரியாதவர்களுக்கு இது ரொம்ப உதவி. செவிலியர்களுக்கு இன்னொன்று: உட்கார வைத்து மட்டும் பி.பி. பார்க்காதீர்கள். ஐந்து நிமிடம் படுக்கவோ உட்காரவோ வைத்துப் பார்த்துவிட்டு, எழுந்து நிற்கச் சொல்லி முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 குறைந்தால் அந்தப் பெரியவர் விழ வாய்ப்பு அதிகம், மருத்துவருக்கு அது தெரிய வேண்டும்.

ஆறு சின்னச் சோதனைகள்

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் முதியோருக்கான ஒருங்கிணைந்த கவனிப்பு என்று ஒரு கையேடு வெளியிட்டது. அதிலுள்ள சோதனைகளுக்கு எந்தக் கருவியும் வேண்டாம் என்பதால் நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். பூ, கதவு, அரிசி என்று மூன்று வார்த்தை சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வது, இன்று என்ன தேதி, இப்போது எங்கே இருக்கிறோம் என்று கேட்பது, இது ஞாபகத்துக்கு. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருவது, 14 விநாடிக்குள் முடித்துவிட்டால் கால் பலம் பரவாயில்லை. நாற்காலி சுவரோடு ஒட்டி இருக்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கினால் சோதனையே ஆபத்தாகிவிடும். மூன்று மாதத்தில் மூன்று கிலோவுக்கு மேல் எடை குறைந்திருக்கிறதா, பசி இருக்கிறதா என்று கேட்பது. எடை மெஷின் வீட்டில் இருக்காது, ஜாக்கெட் தொளதொளவென்று ஆகிவிட்டதா, வளையல் முழங்கை வரை ஏறுகிறதா என்று பாருங்கள், அதுவே போதும். பார்வை, பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னால் காது கேட்கிறதா, அப்புறம் மேலே சொன்ன மனச்சோர்வுக் கேள்விகள். எதிலாவது தடுமாறினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும், நாமே நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது.

பெரியவர் படிப்படியாக ஒன்றிரண்டு வருடத்தில் மறதியாவது ஒரு விதம், நேற்று வரை நன்றாகப் பேசியவர் இன்று காலையில் ஆள் தெரியாமல் உளறுவது வேறு விதம், இந்த வித்தியாசத்தை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லும் வரை விடாதீர்கள். திடீர்க் குழப்பத்துக்குப் பின்னால் சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, சுகர் இறங்கியது, உப்புச்சத்து குறைந்தது என்று ஏதோ ஒன்று இருக்கும். வயதானவர்களுக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் அடிக்காமலே இருக்கலாம். 'வயசாச்சு, அப்படித்தான்' என்று ஒரு நாள் வைத்திருந்தால் ஆளே போய்விடலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ வாயில் தண்ணீரோ காபியோ ஊற்றாமல் உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதனால் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் கூட இருப்பவர் குறித்து வைக்க வேண்டும்.

இரண்டாம் நாள்: வீட்டுக்குப் போவது

காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுகிறோம், பெரியவர்கள் வீட்டில் காலை நேரம் எப்படிப் போகிறது என்று பார்க்க அதுதான் நேரம். ஒரு சுகாதாரப் பணியாளர், ஒரு ஊர்க்காரர், வழிகாட்டியாக ஒரு பெரியவர் என்று மூன்று மூன்று பேராக, இரண்டு வீடு. போகும் வீட்டாரிடம் முந்தின நாளே கேட்டு அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி குறிப்பேட்டோடு நுழைய வேண்டாம்.

கட்டிலிலிருந்து கழிப்பறை வரை அவரோடு கூடவே நடங்கள். அந்த நடையிலேயே எல்லாம் தெரிந்துவிடும். எத்தனை படி, எங்கே பாசி, ராத்திரி லைட் ஸ்விட்ச் எட்டுகிறதா, செருப்பின் அடி தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்கிறதா, குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழ முடிகிறதா, எழும்போது எதைப் பிடிக்கிறார். ஒரு வீட்டில் ஐயா தண்ணீர்க் குழாயைப் பிடித்துத்தான் எழுவார், அது பிளாஸ்டிக் குழாய், கையோடு வந்துவிடும்போல ஆடியது. அன்றைக்கு மத்தியானமே வெல்டிங் பட்டறையிலிருந்து இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை வாங்கிவந்து சுவரில் பதித்துவிட்டார்கள். கழிப்பறை கொல்லையில் தள்ளி இருந்தால் கட்டிலிலிருந்து அதுவரை இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டுங்கள், பார்வை மங்கியவர்கள் அதைப் பிடித்தே போய்வருவார்கள். ராத்திரி ஒரு சின்ன பல்பு எரியட்டும். ஊன்றுகோல், கண்ணாடி, காது மெஷின், பல்செட்டு ஆகியவற்றை வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியோருக்கு இலவசமாகத் தரும் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ என்ற மத்திய அரசுத் திட்டம் 2017-இல் வந்தது, முகாம் எப்போது என்று மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரித்து வையுங்கள்.

வீட்டில் பெரியவரைப் பார்த்துக்கொள்பவரிடமும் தனியாகப் பத்து நிமிடம் பேசுங்கள். அனேகமாக அது மருமகளாகவோ மகளாகவோ இருக்கும், அவரை யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். 'நீங்க கடைசியா எப்போ முழு ராத்திரி தூங்கினீங்க?' என்று கேட்டால் அழுதுவிடுவார்கள், பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். வாரத்தில் ஒரு மத்தியானம் குழுவிலிருந்து ஒருவர் வந்து பெரியவரோடு இருந்தால் பார்த்துக்கொள்பவர் வெளியே போய்வரலாம். படுத்த படுக்கையாக இருந்தால் நோய்த்தணிப்புச் செவிலியர், அதாவது தீராத நோயில் வலியையும் அவதியையும் குறைக்கப் பார்ப்பவர், வீட்டுக்கே வந்து புண்ணுக்குக் கட்டுப் போடுவார் என்பது நிறையக் குடும்பங்களுக்குத் தெரியவே தெரியாது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோதே அதில் இதுவும் சேர்த்திதான்.

கஷ்டமான வகுப்பு: அடி, பட்டினி, பத்திரம்

இதைக் கடைசியில் வையுங்கள், அதற்குள் எல்லாரும் கொஞ்சம் பழகியிருப்பார்கள். முதலில் இதை மனசில் பதிய வையுங்கள்: பெரியவரைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும். மகன் நிற்கும்போது கேட்டால் பதிலும் வராது, நீங்கள் போனபிறகு அவருக்கு அடியும் விழலாம். தனியாகக் கேட்டாலும் 'நீங்க போயிடுவீங்க தம்பி, சோறு போடறது அவன்தானே' என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அதனால் உயிருக்கு ஆபத்து இல்லாதவரை அவர் சம்மதம் இல்லாமல் புகார் கொடுக்கக் கூடாது. என்னென்ன வழி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் போங்கள், அதற்கடுத்த வாரமும் போங்கள்.

வழிகள் இவைதான். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு, 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், சிறப்புக் காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். பெரியவரால் முடியாவிட்டால் அவர் சம்மதித்த ஒருவரோ அமைப்போ மனுப் போடலாம். 23-ஆவது பிரிவை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். கவனித்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்கலாம். ஆனால் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது என்று காட்ட வேண்டும், பத்திரத்தில் அந்த வரி இல்லாமல் வழக்கில் திண்டாடியவர்கள் நிறையப் பேர். ஆகவே ஊரில் எந்தப் பெரியவராவது தானப் பத்திரம் எழுதப் போகிறார் என்று காதில் விழுந்தால், 'என்னை ஆயுள்வரை பராமரிக்க வேண்டும்' என்ற வரி அதில் இருக்கிறதா என்று கேட்க, பூசாரியிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சமூகநலத் துறையின் முதியோர் உதவி எண் 14567, காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை. அவசரம் என்றால் 112.

ஊர்த் தலைவர்களிடம் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பஞ்சாயத்துப் பேசி, மகனைக் காலில் விழ வைத்து, பெரியவரை அதே வீட்டுக்கு அனுப்பிவிட்டு அத்தோடு மறந்துவிடாதீர்கள். சமாதானம் பேசினால், யார் எந்தக் கிழமை போய்ப் பார்ப்பது என்பதையும் அங்கேயே பேசி முடியுங்கள்.

தென்மாவட்டங்களில் பயிற்சி நடத்துபவர்கள் தலைக்கூத்தல் என்ற சொல்லை, அதாவது படுக்கையாகிவிட்ட பெரியவரை வீட்டாரே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகடிக்கும் வழக்கத்தின் பெயரை, அறையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் தப்பாகிவிடும் என்று எல்லாரும் தவிர்க்கிறார்கள். அது கொலை. கூடவே, பல வீடுகளில் அந்தப் பேச்சு தூக்கமில்லாமல், காசில்லாமல், கைமாற்ற ஆளில்லாமல் குடும்பம் நொந்து கிடக்கும்போதுதான் கிளம்புகிறது என்பதையும் சொல்லுங்கள். 'போய்ச் சேர்ந்தா எல்லாருக்கும் நல்லது' என்ற பேச்சு காதில் விழுந்த அன்றைக்கே செவிலியரும் குழுவும் அந்த வீட்டில் இருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் யோசிக்காமல் போலீசுக்குச் சொல்ல வேண்டும்.

காசு, அட்டை, கைரேகை

இதை வேகமாக முடித்துவிடலாம், எல்லாருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். மாநிலத்தில் முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,000-லிருந்து 1,200 ரூபாயானது. அதில் பட்டுவாடாவின்போது பத்து இருபது பிடித்துக்கொள்கிறார்களா என்று விசாரியுங்கள், பிடிக்கக் கூடாது. 70 வயதைத் தாண்டியவர் யாராக இருந்தாலும், வருமானம் பார்க்காமல், ஆயுஷ்மான் பாரத்தில் ஐந்து லட்சம் வரை சிகிச்சை என்று 2024 அக்டோபரில் வந்தது, ஆதார் இருந்தால் அட்டை எடுக்கலாம். காலமெல்லாம் களை வெட்டித் தேய்ந்த விரலில் ரேகை விழாது. ரேஷன் கடையில் அவர்களைத் திருப்பி அனுப்பாமல் கண் பதிவு செய்யலாம், அல்லது வேறு ஒருவரை நியமித்து வாங்கிக்கொள்ளும் அங்கீகாரப் படிவத்தைக் கொடுக்கலாம். ரேஷன் கடைக்காரரை வைத்தே இதைச் சொல்ல வையுங்கள், நான் சொல்வதைவிட அவர் சொன்னால் நம்புகிறார்கள்.

பயிற்சி முடிந்தபிறகு

கலைவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஊர் வரைபடத்தைத் தரையில் சுண்ணாம்பால் வரைந்து, தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டையெல்லாம் புளியங்கொட்டை வைத்துக் குறித்து, ஒவ்வொரு கொட்டைக்கும் யார் பொறுப்பு என்று அங்கேயே பேர் சொல்லிவிட வேண்டும். ஒருவருக்கு மூன்று வீட்டுக்கு மேல் வேண்டாம். தினமும் கண்ணில் படும் பெரியவர் காலை ஒன்பது மணி வரை வெளியே தலைகாட்டவில்லை என்றால் போய்க் கதவைத் தட்ட வேண்டும் என்பது எல்லா ஊரிலும் நான் போடும் ஏற்பாடு. பூட்டியிருந்தால் யாருக்குப் போன் செய்வது, அந்த எண் யாரிடம் இருக்கிறது என்பதும் முடிவாகிவிட வேண்டும். குழுவின் வாட்ஸ்அப்பில் பெரியவர்களின் படமோ நோய் விவரமோ போடக் கூடாது, 'மூணாவது வீட்டுக்குப் போனேன், பரவாயில்லை' என்பது மட்டும் போதும்.

மூன்றாம் மாதம் எல்லாரையும் மறுபடி கூப்பிடுங்கள், சரியாக மூன்றாம் மாதம், தள்ளிப்போடாதீர்கள். எத்தனை வீட்டுக்குப் போனீர்கள் என்று கேட்காதீர்கள், எல்லாருடைய நோட்டிலும் கையெழுத்து இருக்கும். ஒவ்வொருவரிடமும் அவர் பொறுப்பில் இருக்கும் பெரியவர் நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். தெரியாது என்று சொன்னால் கோபப்படாமல், கூட்டத்தை ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, அவரைப் போய்க் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.